பழைய லெகோ தீயணைப்பு நிலையங்கள்: சேர்க்கும்போது விடும் பிழைகள்

வன்னிக்குள் பழைய லெகோ, அதாவது ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்ரிக் விளையாட்டுக் கட்டைகள், பெரும்பாலும் வெளிநாட்டுப் பெட்டியில்தான் வந்து சேரும். கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது. ரொறன்ரோவிலிருந்து பெரியம்மா அனுப்பிய உடுப்புகளுக்கு நடுவில் ஒரு பிஸ்கற் ரின். அதற்குள் சிவப்பும் வெள்ளையும் சாம்பலுமாகக் கட்டைகள். ஒரே நிலையம் என்று நினைத்துக் கட்டத் தொடங்கினேன். பாதியில்தான் விளங்கியது, உள்ளே இருந்தவை இரண்டு.

பெரிய பிழை இதுதான். 1981இல் வந்த 6382, 1985இல் வந்த 6385, 1990இல் வந்த 6389 என்று இலக்கமிட்ட தீயணைப்பு நிலையப் பெட்டிகள் எல்லாமே அதே மூன்று நிறக் குடும்பம். பொருந்துகிறதே என்று ஒன்றின் குறையை மற்றதால் நிரப்பினால் இரண்டும் கெடும். முதலில் செய்முறைப் புத்தகத்தின் இலக்கத்தைப் பாருங்கள். அந்த இலக்கத்தை இணையத்தில் தேடினால் துண்டுகளின் பட்டியல் கிடைக்கும். அதை வைத்து எண்ணிப் பிரித்த பிறகு கட்டுங்கள்.

சரி, பழையது என்று சொல்லி ஒருவர் விற்க வந்தால்? தீயணைப்பு வீரரின் முகத்தைப் பாருங்கள். 1989 வரை லெகோ மனிதர்கள் எல்லோருக்கும் ஒரே முகம்: இரண்டு கறுப்புப் புள்ளி, ஒரு சிரிப்பு. 6385 வீரருக்கு மீசையோ கறுப்புக் கண்ணாடியோ இருந்தால் அந்தத் தலை வேறு பெட்டியிலிருந்து வந்தது. சாம்பல் நிறமும் அப்படியே காட்டிக்கொடுக்கும். 2004 அளவில் அதை நீலம் கலந்த சாம்பலாக மாற்றினார்கள். மின்குமிழ் வெளிச்சத்தில் தெரியாது. முற்றத்து வெயிலில் பக்கத்தில் பக்கம் வைத்தால் பழையது மண்சாயல் காட்டும்.

பார்த்ததும் உடனே உள்ளே எடுத்துவிடுங்கள். எங்கள் வெயில் வெள்ளைக் கட்டைகளுக்கு நஞ்சு. யன்னல் ஓரம் வைத்திருந்த ஒரு சுவரைக் கழற்றினேன்: வெளிப்பக்கம் பழுத்த ஓலை நிறம், மற்றக் கட்டை மூடியிருந்த இடம் மட்டும் பால்வெள்ளை. புறஊதாக் கதிர் செய்த வேலை. ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் ஊறவைத்து வெளுக்கலாம் என்பார்கள். வெளுக்கும்தான், ஆனால் மஞ்சள் திரும்ப வரக்கூடும். மஞ்சளை மஞ்சளாகவே விட்டு, விற்கும்போது அதைச் சொல்லிவிடுவதுதான் என் கட்சி.

செம்மண் புழுதியைக் கழுவ 40 பாகைக்குக் குறைந்த தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், பழைய பல்துலக்கி போதும். கொதிதண்ணீர் கட்டையை வளைக்கும். ஸ்ரிக்கர் ஒட்டிய துண்டுகளைத் தண்ணீருக்குள் போடவே வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள், தகரக் கூரையில் பரப்பாதீர்கள்.

விலையை ஒப்பிடும்போது இணையத்தில் கேட்கிற விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம், உண்மையில் விற்றுப்போன விலையைப் பாருங்கள்.

அப்புறம், புத்தகம். கட்டை தொலைந்தால் இன்னொன்று தேடலாம், ஆனால் கறையான் தின்ற தாளை என்ன செய்வது? என்னுடைய 6382 புத்தகத்தின் கடைசி நான்கு பக்கங்கள் ஒரு மாரிக்குள் மண்ணாகிவிட்டன. நிலத்தோடு முட்டிய மரப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். இப்போது மீதிப் பக்கங்கள் இறுக்கி மூடிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள், அலுமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன.