காஞ்ச மரத்தை பார்த்து காரணம் எழுதுறவங்க பண்ற தப்புகள்

காட்டுல மரங்க ஏன் காயுதுன்னு பார்த்து எழுதுற எங்க போன சர்வேக்கு புதுசா ரெண்டு பேர் கூட வந்தாங்க. காட்டுக்குள்ள இறங்கி பத்து நிமிஷம் ஆகல, செம்பழுப்பா காஞ்சு நின்ன ஒரு பைன் மரத்துகிட்ட போன தம்பி பட்டையை உரிச்சு பார்த்துட்டு "அண்ணே, வண்டு!"ன்னு கத்துறான், ஃபார்ம்ல காரணம்னு இருக்கிற கட்டத்துல உடனே எழுதியும் முடிச்சுட்டான். திட்டவும் மனசு வரல, ஏன்னா 15 வருஷத்துக்கு முன்னாடி நானும் அச்சு அசலா அதையேதான் பண்ணேன்.

மரத்துல ஆணி அடிக்காதீங்க, தூர்ல குப்பையை கொளுத்தாதீங்க மாதிரி விஷயமெல்லாம் இங்க இல்ல. விவரம் தெரிஞ்சவங்களே பண்ற தப்புகள் மட்டும்.

கடைசியா வந்தவனை கொலைகாரன்னு எழுதுறது

மரம் ஒரே நாள்ல சாகுறதில்ல. தண்ணி குறைஞ்சா முதல்ல இலையில இருக்கிற துளைகளை மூடிக்கும், அதனால ஈரம் வெளிய போறது குறையும், ஆனா கார்பன் டை ஆக்சைடும் அதே துளை வழியாதான் உள்ள வரணும், அப்போ சாப்பாடு தயாரிக்கிறதும் படுத்துடும். சேத்து வச்ச மாவுச்சத்தை எடுத்து ஓட்டும். மண்ணுக்குள்ள நூல் நூலா இருக்கிற வேர்கள் காய ஆரம்பிக்கும். அதுக்கும் மேல வறண்டா, வேர்ல இருந்து உச்சி வரைக்கும் இழுத்து பிடிச்சிருக்கிற தண்ணி நடுவுல அறுந்து குழாய்க்குள்ள காத்து பூந்துடும், அந்த குழாய் அவ்வளவுதான். உச்சிக் கொப்புங்க காயும், காயத்துக்கு ஊத்தி மூட வேண்டிய பிசின் கம்மியாகும். இவ்வளவும் வருஷக்கணக்குல நடக்கும், தூரத்துல இருந்து பாக்குறவனுக்கு மரம் பச்சையாதான் தெரியும். அதுக்கப்புறம்தான் வண்டு வரும். தண்ணியில்லாம தவிக்கிற மரம் எத்தனால் வாசம் விடும், பல வகை வண்டுங்க அதை பிடிச்சுட்டே வந்து சேரும்.

பால் மேனியன்னு ஒரு அமெரிக்க வனநோய் நிபுணர் இதை மூணா பிரிச்சார். முன்னாடியே மரத்தை பலவீனமாக்கி வைக்கிறது (மோசமான மண்ணு, வயசு, பொருந்தாத இடம்), பிடிச்சு தள்ளிவிடுறது (வறட்சி, பனி, இலையெல்லாம் புழு தின்னு தீத்தது), கடைசியா வந்து கதையை முடிக்கிறது. நம்ம கண்ணுல படுற வண்டு, வேரழுகல் காளான் எல்லாம் பெரும்பாலும் இந்த மூணாவது கும்பல். திருட்டு நடந்த வீட்டுல திறந்த கதவு வழியா பூந்த நாயை பிடிச்சு வச்சுக்கிட்டு "திருடன் கிடைச்சுட்டான்"னு சொல்ற மாதிரி இருக்கு நாம பண்றது.

என் கதைக்கு வர்றேன். ஒரு மலைச்சரிவுல நாப்பது பைன் மரம் வரிசையா சிவந்து நின்னுச்சு. பட்டையை உரிச்சேன், உள்ள வண்டு குடைஞ்ச பாதை கோலம் போட்ட மாதிரி இருந்துச்சு, "வண்டுத் தாக்குதல், சிவந்த மரம் எல்லாத்தையும் உடனே வெட்டி அகற்றணும்"னு பெருமையா ரிப்போர்ட் எழுதினேன். வெட்டினாங்க. மழைக்கால ஈரத்துல மெஷின் இறங்கி மண்ணை ரோடு மாதிரி அமுக்கிடுச்சு. அடுத்த ரெண்டு வருஷத்துல, அதுவரைக்கும் நிழல்லயே வளர்ந்து திடீர்னு ஓரத்துல மாட்டின மரங்கள்ல பாதி காத்துல சாஞ்சுது, மீதி காஞ்சுது.

அப்போதான் சீனியர் சார் ஒருத்தர் வந்தார். நின்ன மரத்தை ஏறிட்டே பாக்கல, நேரா நான் வெட்ட வச்ச அடிக்கட்டை பக்கத்துல குந்தினார், பாட்டில் தண்ணியை ஊத்தி கையால துடைச்சார், கத்தி முனையால வளையத்தை எண்ணினார். உள்ள எல்லாம் விரல் அகலத்துக்கு நல்லா வளர்ந்த வளையம், வெளிப்பக்கம் இருந்த கடைசி ஆறு மட்டும் பேப்பர் மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அடுத்த கட்டையிலயும் அதே ஆறு. "வெட்டுறதுக்கு ஆறு வருஷம் முன்னாடி இங்க என்ன நடந்துச்சுப்பா?"ன்னு கேட்டார். எனக்கு தெரியல. மேல ஏறி பார்த்தோம். அந்த வருஷம்தான் சரிவுக்கு மேல ரோடு வெட்டியிருக்காங்க, ரோட்டோரம் தோண்டின வாய்க்கால் மலைத்தண்ணி மொத்தத்தையும் வாரி பக்கத்து ஓடையில விட்டுக்கிட்டு இருந்துச்சு. கீழ இருந்த மரங்களுக்கு கசிஞ்சு வர்ற ஈரம் நின்னு ஆறு வருஷம்.

நாலு ஆளு, மம்பட்டி, ரெண்டு நாள் வேலை. வாய்க்காலை அங்கங்க உடைச்சு விட்டிருந்தா போதும். இதை நெனச்சா இன்னைக்கும் எரிச்சல்தான் வருது. அதை விட எரிச்சல் என்னன்னா, நான் எழுதின அந்த ரிப்போர்ட் ஃபைல்லயே இருந்து, அதை வச்சு பின்னாடி வந்தவங்க மேப்புல "வண்டு பாதிப்பு பகுதி"ன்னு கலர் அடிச்சுட்டாங்க. தப்பா எழுதின காரணம் மரத்தை விட நீண்ட ஆயுசோட இருக்கு.

இன்னொண்ணும் அப்புறம்தான் புரிஞ்சுது. ஊசியிலை சிவந்து போன மரத்துல வண்டு பெரும்பாலும் கிளம்பி போயிருக்கும். குடிச்சு முடிச்ச டம்ளரை பூட்டி வச்ச மாதிரி, நான் வெட்டினது காலி மரம். பெருங்கூட்டமா பெருகி நல்ல மரத்தையும் சாய்க்கிற வண்டு வகைகள் இருக்கு, அப்போ வெட்டி அகற்றுறது சரியான வேலைதான், ஆனா வண்டு உள்ள இருக்கும்போதே, மரம் இன்னும் பச்சையா தெரியும்போதே பண்ணணும்.

வித்தியாசம் பட்டையிலயே எழுதியிருக்கும். வண்டு துளைச்ச இடத்துல பொரிச்ச பாப்கார்ன் மாதிரி பிசின் கட்டி தள்ளியிருந்தா மரம் இன்னும் சண்டை போடுதுன்னு அர்த்தம், சில சமயம் அந்த கட்டிக்குள்ளயே வண்டு செத்து ஒட்டியிருக்கும். பிசினே இல்லாம வெறும் மரத்தூள் மட்டும் பட்டை இடுக்குல கொட்டியிருந்தா சண்டை போட சரக்கு இல்ல. ஏன் இல்லன்னு தேடுறதுதான் நம்ம வேலை.

நிறைய காய்க்குது, துளிர்க்குது, அப்போ ஆரோக்கியம்னு நினைக்கிறது

உச்சி காஞ்ச மரம் திடீர்னு கிளை கொள்ளாம காய்க்கும். சில சமயம் அது சாகுறதுக்கு முன்னாடி விதையையாவது விட்டுட்டு போவோம்ங்கிற வேலை. அதே மாதிரி அடிமரத்துல புசுபுசுன்னு துளிர் வந்தா "அண்ணே தப்பிச்சுடுச்சு"ன்னு சந்தோஷப்படுவாங்க, மேல கொப்பு போனதால கீழ தூங்கிட்டு இருந்த மொட்டு முழிச்சிருக்கு, அவ்வளவுதான். தப்பிக்குமா இல்லையான்னு சொல்ல ரெண்டு மூணு வருஷம் வேணும். அதே உச்சிக் கொப்பை ஒரே இடத்துல நின்னு போட்டோ எடுத்துட்டு வாங்க, ஒரு வருஷ போட்டோவை வச்சு ஜோசியம் பார்க்காதீங்க.

மரத்துக்கு காயம் ஆறும்னு நம்புறது

ஆறாது. நமக்கு தோல் கிழிஞ்சா புது தோல் அதே இடத்துல வரும், மரத்துல கெட்டுப்போன கட்டை கெட்டுப்போனதுதான், மரம் அதை சுத்தி சுவர் கட்டி ஒதுக்கி வச்சுட்டு வெளிப்பக்கமா புதுசா வளரும். அலெக்ஸ் ஷைகோன்னு ஒரு அமெரிக்க மர ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்குல அறுத்து பார்த்துட்டு 1977ல இதை நாலு சுவர்னு விளக்கினார். மேலயும் கீழயும் தடுக்கிற சுவர்தான் இருக்கிறதுலயே சொத்தை, அதனாலதான் அழுகல் தூண் மாதிரி நெட்டுக்கா ஓடும். காயத்துக்கு அப்புறம் வளர்ற புது கட்டைக்கும் பழசுக்கும் நடுவுல வர்ற சுவர்தான் பலமானது. பொந்து விழுந்த மரம் நூறு வருஷம் தழைச்சு நிக்கிறது இதனாலதான், உயிர் ஓடுறது வெளி வளையத்துலதானே.

பொந்துல தண்ணி நிக்குதுன்னு கீழ துளை போட்டு வடிக்க பாக்குறவங்க இன்னும் இருக்காங்க. மரம் பாடுபட்டு கட்டின சுவரை டிரில் வச்சு ஓட்டை போடுறீங்க.

இந்த சுவர் கட்டுற புத்தியே மரத்தை கொல்றதும் உண்டு. எல்ம் மரங்களுக்கு வர்ற டச்சு எல்ம் நோய்ல பூஞ்சை குழாய்க்குள்ள இறங்கினதும் மரம் அது பரவாம இருக்க குழாய்களை அடைக்கும், பூஞ்சையும் மரமும் சேர்ந்து அடைச்சதுல இலைக்கு தண்ணி ஏறாம வாடிடும்.

காயத்துக்கு பெயின்ட் அடிக்கிறது

வேணாம்.

பட்டை மேல இருக்கிற லைக்கனை சுரண்டுறது

லைக்கன்ங்கிறது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து திட்டு திட்டா வளர்றது. அது வாடகைக்கு இருக்குது, மரத்தை திங்கல. விட்டுடுங்க.

வாடின மரத்துக்கு உரம்

வேர் போன மரத்துக்கு விருந்து வச்சு என்ன பண்ண? நைட்ரஜன் போட்டா இலை தள்ளும், இலை தள்ளினா தண்ணி இன்னும் கேக்கும்.

செத்த பட்டையை லேபுக்கு அனுப்புறது

நல்லா கருப்பா, உதிர்ற மாதிரி இருக்கிற பட்டையைத்தான் எல்லாரும் ஆசையா வெட்டி பையில போடுவாங்க. அதுல நோய்க்கிருமி இருக்காது, செத்ததை தின்ன வந்த பத்து வகை பூஞ்சைதான் இருக்கும், லேப்ல தட்டு நிறைய அதுதான் வளரும், நமக்கு வர்ற பதில் குப்பை. கத்தியை எடுத்து கொஞ்சம் கொஞ்சமா செதுக்கிட்டே போங்க, பழுப்பு முடிஞ்சு வெளுப்பு தொடங்குற கோடு ஒண்ணு வரும், அந்த கோட்டுல ரெண்டு பக்கமும் சேர்த்து எடுங்க. கிருமி அங்கதான் வேலை பார்த்துட்டு இருக்கும். அடுத்த மரத்துக்கு போறதுக்கு முன்னாடி கத்தியை ஸ்பிரிட்ல துடைங்க. சாம்பிளை வண்டி டேஷ்போர்டுல வெயில்ல வேக வச்சு கொண்டு போனவனை நான் பார்த்திருக்கேன், அது நான்தான்.

எல்லாத்துக்கும் வறட்சின்னு எழுதுறது

மேல நான் சொன்ன கதையை கேட்டுட்டு அந்த தம்பி அடுத்த வாரம் இதை ஆரம்பிச்சான். பார்க்கிற மரத்துக்கெல்லாம் "வறட்சி".

எந்த குறையும் இல்லாத மரத்தையும் சாய்க்கிற கிருமிகள் உண்டு, முக்கியமா வேற கண்டத்துல இருந்து வந்து இறங்கினது. 1904ல நியூயார்க்ல கண்டுபிடிச்ச செஸ்ட்நட் பட்டை நோய் ஆசியாவுல இருந்து வந்த பூஞ்சை, அந்த ஊர் செஸ்ட்நட் அதை முன்ன பின்ன பார்த்ததே இல்ல, அரை நூற்றாண்டுக்குள்ள 300 கோடிக்கு மேல மரம் போச்சுன்னு கணக்கு சொல்றாங்க. வேர் மட்டும் பல இடத்துல உயிரோட இருந்து இன்னைக்கும் துளிர் விடுது, துளிர் கொஞ்சம் பெருத்ததும் பூஞ்சை திரும்ப பிடிச்சுக்குது.

இன்னும் குழப்புறது ஃபைட்டோப்தோரா, மண்ணுல இருக்கிற பூஞ்சை மாதிரி ஒரு கிருமி. இது நுண்ணிய வேர்களை அழுக வைக்கும், மண்ணுல தண்ணி இருந்தும் மரத்தால உறிஞ்ச முடியாது, மேல இருந்து பார்த்தா சாட்சாத் வறட்சிதான். மேற்கு ஆஸ்திரேலியாவுல ஜாராங்கிற யூகலிப்டஸ் வகை மரங்கள் கொத்து கொத்தா செத்ததுக்கு இதுதான் காரணம்னு 1960கள்லதான் பிடிபட்டுச்சு, அதுக்குள்ள காட்டு ரோடு போட அள்ளின சரளை மண்ணோடயும் வண்டி டயரோடயும் பல இடத்துக்கு போய் சேர்ந்துடுச்சு. அதனால "வறட்சி"ன்னு எழுதுறதுக்கு முன்னாடி தூர்ல பட்டையை லேசா கீறி பாருங்க, வேரை கொஞ்சம் தோண்டி எடுத்து விரலால இழுத்து பாருங்க, அழுகின வேர்ல மேல்தோல் உறை மாதிரி கழண்டு கையோட வரும், உள்ள நூல் மட்டும் மிஞ்சும்.

பார்த்து முடிச்சதும் ஷூ அடியில ஒட்டின மண்ணை அங்கயே தேய்ச்சு சுத்தம் பண்ணிட்டு வண்டியில ஏறுங்க. தம்பிகிட்ட பிரஷ்ஷை கொடுத்தேன், "சாயங்காலம் கழுவிக்கலாம்ணே"ங்கிறான். சாயங்காலத்துக்குள்ள இன்னும் மூணு காட்டுல இறங்கணும் நாங்க.