புது நகரத்தில் வியட்நாமியர் இருக்குமிடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

வியட்நாமியக் குடும்பமாகவே குடிபெயர்பவரும், வியட்நாமியரைக் கல்யாணம் செய்துகொண்டவரும், அந்த மொழியைப் படித்துவிட்டுப் பேச ஆள் தேடுபவரும் ஆரம்பத்தில் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். நகரத்தின் பெயரோடு 'வியட்நாமிய உணவகம்' என்று சேர்த்துத் தேடுகிறார்கள். வரைபடம் முழுக்கப் புள்ளிகள் விழும், ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஃபோ சூப் விற்கும் கடைக்கு வியட்நாமிய வாடிக்கையாளர் தேவையில்லை. எங்கே கூட்டம் வருமோ அங்கே திறப்பார்கள். அமெரிக்காவில் நகப்பூச்சுக் கடைகளை நம்பினால் இன்னும் ஏமாற்றம். அந்தத் தொழிலில் வியட்நாமியர்தான் கோலோச்சுகிறார்கள், ஆனால் அடுத்தடுத்துக் கடை போட்டால் வியாபாரம் பங்காகிவிடும் என்று ஊரெங்கும் பரவி இருப்பார்கள்.

தேட வேண்டியது வியட்நாமியருக்கு மட்டுமே பயன்படும் கடைகளை: ஊருக்குப் பணம் அனுப்பும் கவுண்டர், விமான டிக்கெட் ஏஜெண்ட், வியட்நாமிய எழுத்தில் பலகை வைத்த பல் மருத்துவர், வருமான வரி எழுதிக் கொடுப்பவர், மூலிகை மருந்துக் கடை, ஆவ் யாய் என்ற வியட்நாமிய நீள அங்கியைத் தைக்கும் தையல்காரர், இறுதிச் சடங்கு நிலையம். இவற்றில் நான்கைந்து ஒரே வளாகத்தில் இருந்தால், சுற்றிலும் வியட்நாமியர் குடியிருக்கிறார்கள் என்று தைரியமாகச் சொல்லலாம். தேடும்போது கைபேசியில் வியட்நாமிய விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே கீழே வரும் குறிகளோடு தட்டினால் அவர்களே அவர்களுக்காக எழுதிய பக்கங்கள் வரும். குறியில்லாமல் தட்டினால் சுற்றுலாக் குறிப்புகள்தான் அதிகம் சிக்கும்.

எந்த அலையில் வந்தவர்கள்?

இதை முதலில் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. வியட்நாமியர் எல்லா நாட்டுக்கும் ஒரே காரணத்துக்காகப் போகவில்லை. 1975 ஏப்ரல் 30-ல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வடக்கின் கம்யூனிஸ்ட் படையிடம் வீழ்ந்த பிறகு அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ், மேற்கு ஜெர்மனிக்குப் போனவர்கள் பெரும்பாலும் தெற்கிலிருந்து தப்பிய அகதிகள். கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா போன்ற நாடுகளுக்குப் போனவர்கள் அரசு ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளிகள். இவர்களில் வடக்கத்தியர் அதிகம். ஜப்பானில் இப்போது 5 லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள், பெரும்பாலும் தொழில் பயிற்சியாளராகவும் மாணவராகவும் வந்த இளைஞர்கள். தைவானிலும் தென்கொரியாவிலும் கல்யாணமாகிப் போன பெண்கள் கணிசம்.

பெர்லினில் இரண்டு வகையும் உண்டு. 1980 ஒப்பந்தத்தின்படி கிழக்கு ஜெர்மனிக்கு வந்தவர்களில் சுமார் 60,000 பேர் சுவர் இடிந்தபோது அந்நாட்டில் இருந்தார்கள். அங்கேயே தங்கியவர்களின் வியாபாரமெல்லாம் கிழக்கே லிஷ்டன்பெர்கில், ஹெர்ஸ்பெர்க் தெருவிலுள்ள டொங் சுவான் மொத்தச் சந்தையைச் சுற்றி இருக்கிறது. படகில் தப்பி மேற்கே வந்தவர்களின் பழைய கோயிலான லின் தூ நகரத்தின் மறுகோடியில், ஸ்பாண்டாவில் இருக்கிறது. ஒரே ஊர், ஒரே மொழி, ஆனால் இரண்டு உலகம். எது உங்கள் வீட்டாருக்குச் சரிப்படும் என்று யோசித்துவிட்டு வீடு பாருங்கள்.

நகர மையத்தில் தேடாதீர்கள்

அகதிகள் முதலில் எங்கே இறக்கிவிடப்பட்டார்களோ, வாடகை எங்கே மலிவோ, அங்கேதான் வேர் பிடித்தார்கள். அதனால்தான் பெரும்பாலான குடியிருப்புகள் புறநகரில் இருக்கின்றன. சிட்னியில் மையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தென்மேற்கே கப்ரமட்டா. குடியேறியவர்களைத் தங்கவைத்த விடுதிகள் அந்தப் பக்கம் இருந்ததே காரணம். மெல்பர்னில் ஸ்பிரிங்வேல், ஃபுட்ஸ்க்ரே, பிரிஸ்பேனில் இனாலா எல்லாமே இப்படி அருகிலிருந்த விடுதிகளால் வளர்ந்தவை.

லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறுபவர்தான் அதிகம் திண்டாடுகிறார். நகரத்துக்குள் சீனர் பேட்டையைச் சுற்றிவிட்டு 'இவ்வளவுதானா' என்பார். உண்மையான இடம் தென்கிழக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், ஆரஞ்ச் கவுண்டியில். வெஸ்ட்மின்ஸ்டர், கார்டன் குரோவ் ஊர்களினூடே ஓடும் போல்சா அவென்யூதான் லிட்டில் சைகோனின் நடுநாடி. 1987-ல் திறந்த ஃபுக் லொக் தோ வணிக வளாகம் அதன் அடையாளம். வாஷிங்டனுக்கு வேலைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது நகரத்தை அல்ல, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியாவின் ஃபால்ஸ் சர்ச் ஊரில் உள்ள ஈடன் சென்டர் வணிக வளாகத்தை. ஹூஸ்டனில் பெல்லேர் பூலவார்ட், சான் ஹொசேயில் ஸ்டோரி ரோடு, பிராகில் லிபுஷ் பகுதியிலுள்ள சாபா சந்தை. சிகாகோவில் மட்டும் விதிவிலக்காக ஆர்கைல் ரயில் நிலையத்தில் இறங்கினாலே போதும்.

பாரிஸ் 13-ஆம் வட்டாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஷுவாஸி, இவ்ரி அவென்யூக்களில் பார்க்கும் கடைக்காரர்களில் பலர் இந்தோசீனாவிலிருந்து வந்த சீன வம்சாவளியினர். வியட்நாமிய மொழி தெரிந்திருக்கலாம், வீட்டு மொழி தியோச்சூ என்ற சீன வட்டார மொழியாக இருக்கும். சாமான் வாங்க அருமையான இடம். பேச்சுத் துணை தேடுபவருக்குப் பாரிஸுக்குத் தெற்கே எவ்ரியில் இருக்கும் கான் ஆன் கோயிலோ, வியட்நாமிய மொழியில் பூசை நடக்கும் தேவாலயமோ மேல்.

வீடு பார்க்கும் முன் கணக்கெடுப்பைப் பாருங்கள், காசு செலவில்லை. அமெரிக்காவில் சென்சஸ் தளத்தில் சி16001 என்ற அட்டவணையைத் திறந்து, ஐந்தாண்டுத் தொகுப்பைத் தேர்ந்து, டிராக்ட் (கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதி) அளவில் போட்டால் ஒவ்வொரு பேட்டையிலும் எத்தனை பேர் வீட்டில் வியட்நாமிய மொழி பேசுகிறார்கள் என்பது வந்துவிடும். இது மாதிரிக் கணக்கெடுப்பு, பக்கத்திலேயே பிழை வரம்பும் போட்டிருக்கும். 80 பேர், பிழை வரம்பு 75 என்றிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். சில நூறு பேராவது இருக்கும் டிராக்டுகள் மூன்று நான்கு ஒட்டியிருந்தால்தான் பேட்டை. ஆஸ்திரேலியாவில் புள்ளியியல் துறையின் குவிக்ஸ்டாட்ஸ் பக்கத்தில் புறநகரின் பெயரைத் தட்டினால் வீட்டு மொழிப் பட்டியல் வரும். 2021 கணக்குப்படி அந்நாட்டில் வீட்டில் வியட்நாமிய மொழி பேசுவோர் சுமார் 3.2 லட்சம். பிரான்ஸ் இனவாரியாகக் கணக்கெடுப்பதில்லை, அங்கே கோயிலையும் கடையையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

போக வேண்டிய நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை

வார நாள் மாலையில் போய்ப் பார்த்துவிட்டு 'அங்கே ஒன்றுமில்லை' என்று திரும்பி வருபவர் நிறைய. ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிக்குள் போங்கள். முதலில் பெரிய மளிகைக் கடை. வாசலில் இலவசப் பத்திரிகை அடுக்கும் அறிவிப்புப் பலகையும் இருக்கும். வாடகை அறை, வேலைக்கு ஆள், குழந்தை பார்க்க ஆள், தெட் (வியட்நாமியப் புத்தாண்டு) விழா சுவரொட்டி எல்லாம் அங்கே ஒட்டியிருக்கும். படம் எடுத்துக்கொண்டு வீட்டில் மொழிபெயர்த்துப் படிக்கலாம். அறை விளம்பரத்தில் சமையல் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'லேசான சமையல்' என்றால் மீன் குழம்பு கொதிக்க விடக்கூடாது என்று அர்த்தம், வியட்நாமிய வீடாகவே இருந்தாலும்.

அடுத்தது வழிபாட்டிடம். கோயிலை 'சுவா' என்பார்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய சந்திர மாதத்து முதல் நாளும் பதினைந்தாம் நாளும் விசேஷம், ஆனால் வெளிநாட்டில் எல்லோருக்கும் வேலை இருப்பதால் பெரும்பாலும் பக்கத்து ஞாயிற்றுக்கு மாற்றிவிடுவார்கள். பிரார்த்தனை முடிந்ததும் சைவச் சாப்பாடு. ஒரு பை பழம் கொண்டுபோங்கள், உண்டியலில் இயன்றதைப் போடுங்கள், முக்கியமாகச் சமையலறையில் பாத்திரம் கழுவ நில்லுங்கள். மண்டபத்தில் பத்து வாரம் கண்மூடி உட்கார்ந்தாலும் கிடைக்காத அறிமுகம் அந்தத் தொட்டியருகில் அரை மணியில் கிடைத்துவிடும்.

ஒன்று கவனியுங்கள்: வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் வழியில் தியானம் செய்யும் குழுக்கள் பல நகரங்களில் உண்டு. நல்ல குழுக்கள்தான், ஆனால் அவற்றில் வியட்நாமியரே இல்லாமல் இருக்கலாம்.

கத்தோலிக்கர் நிறைய. 1954-ல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து தெற்குக்கு இடம்பெயர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் 1975-க்குப் பிறகு மறுபடி புறப்பட்டதுதான் காரணம். மறைமாவட்டத்தின் தளத்தில் திருப்பலி மொழிவாரியாகப் போட்டிருக்கும். திருப்பலிக்கு முன்போ பின்போ அதே வளாகத்தில் குழந்தைகளுக்கு மொழி வகுப்பு நடப்பது வழக்கம். பள்ளி ஆண்டையொட்டிச் சேர்க்கை முடிந்துவிடும் என்பதால் ஊர் மாறும் முன்பே மின்னஞ்சல் போட்டு வையுங்கள். பௌத்தக் கோயில்களிலும் இதே போல இளைஞர் அணியும் வகுப்பும் உண்டு. மதம் வேண்டாம் என்பவர் பல்கலைக்கழகத்து வியட்நாமிய மாணவர் சங்கத்தை அணுகலாம். ஆனால் அமெரிக்காவில் பிறந்த தலைமுறை தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்ளும்.

தெட் விழா வருடத்தின் மிகப் பெரிய வாய்ப்பு. 2027-ல் பிப்ரவரி 6 அன்று வருகிறது. பொது விழா அந்த நாளில்தான் நடக்கும் என்றில்லை, மைதானம் கிடைக்கும் வார இறுதியில் வைப்பார்கள். தன்னார்வலராகப் பெயர் கொடுத்தால் ஒரே நாளில் ஐம்பது பேரைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் தெட் முதல் நாள் காலையில் அழைக்காமல் யார் வீட்டுக்கும் போகாதீர்கள். முதலில் வாசற்படி மிதிப்பவரைப் பொறுத்தே அந்த ஆண்டின் அதிர்ஷ்டம் என்று நம்புகிறார்கள், அந்த ஆளை முன்கூட்டியே தேர்ந்தும் வைத்திருப்பார்கள்.

எப்படிக் கூப்பிடுவது

முதல் சந்திப்பிலேயே வயது கேட்பார்கள். முகம் சுளிக்க வேண்டாம், உங்களை என்ன முறை வைத்து அழைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான். தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல. அப்பாவைவிட மூத்தவர் பாக், அதாவது பெரியப்பா அல்லது பெரியம்மா. இளையவர் சூ, சித்தப்பா. அத்தை முறைக்கு கோ. அண்ணன் ஆன், அக்கா சி, தம்பி தங்கை எம். முழுப் பெயரில் கடைசியாக வருவதுதான் சொந்தப் பெயர், முறையோடு அதைச் சேர்த்துக் கூப்பிட வேண்டும். குடும்பப் பெயரால் அழைத்தால் குழப்பம்தான், மூன்றில் ஒருவருக்கு மேல் நுயென்.

உச்சரிப்பை வைத்து ஆளை எடை போடாதீர்கள். ஆவ் யாய் என்பவர் தெற்கத்தியர், ஆவ் ஸாய் என்பவர் வடக்கத்தியர் என்பது சரி. ஆனால் 1954-ல் தெற்குக்கு வந்த குடும்பங்கள் இன்றும் வடக்கு உச்சரிப்பில்தான் பேசுகின்றன, அரசியலில் கம்யூனிஸ்ட் எதிர்ப்பாளர்களாகவும் இருக்கின்றன.

அரசியல் விஷயத்தில் மிகவும் கவனம் தேவை. அகதிகள் கட்டிய பேட்டைகளில் பறப்பது பழைய தென் வியட்நாமின் மூன்று சிவப்புக் கோடுள்ள மஞ்சள் கொடி. அங்கே இன்றைய வியட்நாம் கொடியைப் போல மஞ்சள் நட்சத்திரம் போட்ட சிவப்புச் சட்டையோடு போனால், கால்பந்து ரசிகர்தான் என்று யாரும் சமாதானம் ஆக மாட்டார்கள். பிராகிலும் கிழக்கு பெர்லினிலும் அதே சிவப்புக் கொடி சாதாரணம். ஒரு சங்கம் எந்தப் பக்கம் என்று அறிய அதன் நாட்காட்டியைப் பாருங்கள்: ஏப்ரல் 30-ஐ துக்க நாளாக அனுசரித்தால் அகதிகள் சங்கம், வியட்நாமின் தேசிய தினமான செப்டம்பர் 2-க்கு விருந்து வைத்தால் தூதரகத்துக்கு நெருக்கமானது.

பழகிய சில மாதங்களில் 'ஹுயி'யில் சேரச் சொல்லி அழைப்பு வரலாம். நம் ஏலச்சீட்டேதான்: மாதாமாதம் கட்டி, தள்ளிக் கேட்பவர் எடுக்கிறார். கடன் வரலாறு இல்லாத புதியவருக்கு வங்கியைவிட எளிதாகப் பணம் கிடைக்கும் வழி இது, அதனால்தான் நிற்காமல் ஓடுகிறது. சீட்டுப் பிடிப்பவர் ஓடிவிட்டால் எழுத்தில் ஒன்றும் இருக்காது. ஓராண்டாவது பழகாமல், உறுப்பினர்களில் பாதிப் பேரையாவது நேரில் தெரியாமல் சேர வேண்டாம். விசா படிவம் நிரப்பித் தருகிறேன் என்று கடைக்குள் மேசை போட்டிருப்பவரிடமும் உரிமச் சான்றைக் கேளுங்கள். மொழிபெயர்ப்பு வரை அவர் போதும், சட்ட ஆலோசனைக்கு வழக்கறிஞர்தான்.

தேடியும் பேட்டை எதுவும் அகப்படாவிட்டால், மிக அருகிலுள்ள பெரிய கோயிலைத் தொடர்புகொண்டு உங்கள் ஊரிலிருந்து யாராவது வருகிறார்களா என்று கேளுங்கள். ஒரே காரில் சேர்ந்து போகும் மூன்று குடும்பங்களாவது பெரும்பாலும் இருக்கும்.