கெளுத்திக்குத் தூண்டில் போடுவோருக்கு

கெண்டைக்குத் தூண்டில் போட்டுப் பழகியவர் முதன்முறையாகக் கெளுத்தி பிடிக்கப் போகும்போது இரையை நடுத்தண்ணீரில் தொங்கவிட்டு, மாலை முழுவதும் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார். கெளுத்தி அடித்தரையில் மேயும் மீன். கலங்கல் நீரிலும் இருட்டிலும் கண்ணை நம்பாமல், வாயைச் சுற்றியுள்ள நான்கு இணை மீசைகளால் சேற்றைத் தடவி, வாடையையும் சுவையையும் கொண்டே இரையைத் தேடுகிறது. எனவே இரை தரையில் கிடக்க வேண்டும், வாடை வீச வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்தே வருகிறது.

வெயில் தாழ்ந்த பிறகு போவது நல்லது. மழை பெய்து ஏரிக்குப் புதுத்தண்ணீர் வந்து கலங்கியிருக்கும் நாட்களில் பகலிலும் கடிக்கும். வரத்துக்கால் ஏரியில் சேரும் இடமும், கோரை மண்டிய கரையோரமும் ஏற்றவை. ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வழியும் கலிங்கு பாயும்போது மட்டும் அதன் கீழே இறங்க வேண்டாம். பல ஏரிகளில் மீன்பாசி, அதாவது மீன்பிடிக்கும் உரிமை, ஏலம் விடப்பட்டிருக்கும் என்பதால், குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை; சண்டையும் மிச்சம்.

எட்டு அல்லது பத்தடி மூங்கில் கம்பு போதும். தூண்டிலுக்கான நைலான் இழையைக் கடையில் நரம்பு என்றாலும் தங்கூசி என்றாலும் எடுத்துத் தருவார்கள். தூண்டில் முள் வாங்கும்போது, எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதை நினைவில் வைத்து எட்டாம் எண்ணையோ பத்தாம் எண்ணையோ கேளுங்கள். தக்கைக்குப் பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டைவிடச் சிறந்ததை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆழம் பார்ப்பதில்தான் பொறுமை வேண்டும். தக்கை நிமிர்ந்து நின்றால், நரம்பில் எடைக்காகக் கட்டிய ஈயம் இன்னும் தொங்குகிறது. முழுக்கப் படுத்துவிட்டால் நரம்பு அதிகம். தக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அது லேசாகச் சாய்ந்து மிதக்கும் நிலைக்குக் கொண்டுவந்தால் இரை தரையைத் தொட்டிருக்கும். வாழைமரத்தடியில் தோண்டிய மண்புழுவை ஈர மண்ணோடு கொட்டாங்குச்சியில் எடுத்துச் சென்று, முள் முழுவதும் மறையக் கோத்து, நுனியில் அரை அங்குலம் நெளியும்படி விடுங்கள். கோழிக்குடலும் நன்றாகவே இழுக்கும், ஆனால் அந்த வாடை இரண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது.

கெண்டை கொத்தினால் தக்கை படபடவென்று துடிக்கும். கெளுத்தி அப்படிச் செய்யாது: ஒரு தட்டு தட்டும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும், அப்புறம் தக்கை சாய்ந்தவாக்கில் நகர்ந்து நீருக்குள் இறங்கும். அந்த இடைவெளிக்காகத்தான் மனிதர்கள் கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டியவுடன் இழுத்தால் இரை மட்டும் வரும். மிகவும் தாமதித்தால் முள்ளைத் தொண்டைவரை விழுங்கிவிடும். தக்கை நகரத் தொடங்கியதும் மணிக்கட்டால் பக்கவாட்டில் சுண்டுங்கள். தலைக்குமேல் வீசி இழுத்தால், பின்னால் நிற்பவர் முகத்தில் போய் விழும்.

கரைக்கு வந்த கெளுத்தி கீர்கீரென்று சத்தமிடும். பக்கத் துடுப்பு முட்களை அவற்றின் மூட்டில் உரசி எழுப்பும் ஒலி அது. முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்களையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். சிறுவயதில் நான் வழுக்குகிறதே என்று முழுக்கையால் இறுக்கிப் பிடித்து, இரவெல்லாம் கை வீங்கிக் கிடந்தேன். மீனை ஈரச்சாக்கின் மேல் போட்டு, மேலிருந்து கையைக் கொண்டுவந்து, முதுகுமுள்ளுக்குப் பின்புறமாக உள்ளங்கையை வைத்து, விரல்களைப் பக்கமுட்களுக்குக் கீழே கொடுத்துப் பிடித்தால் அசையாது. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை அமிழ்த்தி வைப்பது வலியைக் குறைக்கும். தேளி மீனின் முள்ளில் நஞ்சே உண்டு. பெயரிலேயே தேள் இருக்கிறது. வந்திருப்பது தேளி என்று தெரிந்தால் நரம்பை அறுத்துவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மழைக்காலத்தில் வயிறு பருத்துச் சினையோடு வருபவற்றைத் திரும்ப விடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் மட்டும் இந்த இரக்கம் வேண்டாம். நாட்டு மீன்களைத் தின்று தீர்ப்பதால் இந்தியாவில் அதை வளர்க்கவே தடை இருக்கிறது. பிடித்ததை மறுபடி ஏரியில் விடக் கூடாது.

குழம்புக்கு எடுத்துச் செல்பவற்றில் செதில் உரிக்கும் வேலை இல்லை. முட்களை முதலில் வெட்டிவிட்டு, கல்லுப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டு, வழவழப்பு போய்த் தோல் சொரசொரக்கும்வரை கல்லில் தேய்த்துக் கழுவினால் போதும்.