பேக்கப்புக்காகக் கணினியை விடிய விடிய ஓடவிட வேண்டாம்

விண்டோஸ் டெஸ்க்டாப்பை 15 நிமிடத்தில் ஸ்லீப் ஆகும்படி வையுங்கள்; இரவு பேக்கப்புக்கு (ஃபைல்களை நகலெடுத்து வைப்பதற்கு) அதுவே எழுந்துகொள்ளும். டாஸ்க் ஷெட்யூலரில் (வேலைகளைக் குறித்த நேரத்தில் தொடங்கும் விண்டோஸ் கருவி) பேக்கப் டாஸ்க்கைத் திறந்து, கண்டிஷன்ஸ் பகுதியில் கணினியை எழுப்பும் கட்டத்தை டிக் செய்யுங்கள். பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு அமைப்பில், ஸ்லீப் என்பதன் கீழ் வேக் டைமர்ஸும் (குறித்த நேரத்தில் கணினியை எழுப்ப அனுமதிக்கும் அமைப்பு) எனேபிள் ஆகியிருக்க வேண்டும். இதை மறந்தால் டிக் செய்தும் பலன் இல்லை.

ஸ்லீப்பில் ரேமுக்கும் (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) எழுப்பும் சுற்றுக்கும் மட்டுமே மின்சாரம் போகும்; மதர்போர்டில் உள்ள கடிகாரம் குறித்த நேரத்தில் எழுப்பிவிடும். சும்மா இருக்கும்போது 50 வாட் இழுக்கும் கணினி, இரவு 14 மணி நேரம் ஓடினால் மாதம் 21 யூனிட். ஸ்லீப்பில் 3 வாட் என்றால் 1.3 யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: டைமரால் எழுந்த கணினியை யாரும் தொடாவிட்டால், வழக்கமாக 2 நிமிடத்தில் மறுபடி தூங்கிவிடும். வேலை முடியும்வரை ஸ்லீப்பைத் தடுத்து வைக்கும் பேக்கப் மென்பொருளாக இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் பேக்கப் பாதியில் நிற்கும். முதல் இரவுக்கு மறுநாள் காலையில் பேக்கப் லாக்கை (என்ன நடந்தது என்ற பதிவை) பார்த்துவிடுங்கள்.

யூபிஎஸ் இல்லாமல் அடிக்கடி கரண்ட் போகும் இடத்துக்கு இது ஒத்துவராது. கரண்ட் போனால் ரேமில் இருந்த சேமிக்காத வேலையும் போய்விடக்கூடும். மற்றவர்கள் எந்நேரமும் ஃபைல் எடுக்கும் கணினிக்கும், பிரிண்டரைப் பகிரும் கணினிக்கும் வேண்டாம்.