பாட்டுக்கு நடுவே கழுத்தறுப்பு: மேடை ரத்தம் தயாரிப்பது எப்படி

டிம் பர்ட்டனின் ‘ஸ்வீனி டாட்’ (2007) படத்தில் நாவிதன் உருகி உருகிப் பாடிக்கொண்டே ஒவ்வொரு கழுத்தாக அறுப்பான். ஸ்டீபன் சொண்டைமின் 1979 மேடை இசை நாடகத்திலிருந்து வந்த காட்சி அது. பாட்டு இனிக்க இனிக்க ரத்தம் பீய்ச்சும்போதுதான் பார்ப்பவருக்கு வயிறு புரள்கிறது. இந்த மாதிரி ஒரு காட்சியை மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் தமிழ் நாடகம் போடுகிறவர்கள் செய்து பார்க்க ஆசைப்பட்டால், செலவு சில நூறு ரூபாய்தான். ஒத்திகைதான் அதிகம் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் படத்தில் ரத்தத்தை ஆரஞ்சு சாயலில்தான் கலக்கினார்கள். காட்சியின் நிறங்களைப் படப்பிடிப்புக்குப் பின்னால் வெளுக்க வைத்ததால் திரையில் அது சிவப்பாகத் தெரிந்தது. மேடையில் அந்த வசதி கிடையாது. வீட்டில் இருக்கிறதே என்று கேசரிப் பவுடரைக் கரைத்தால் தக்காளி சாஸ்தான் ஓடும்.

கலவை

இரண்டு கழுத்துக்கு: லிக்விட் குளுக்கோஸ் 200 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 100 மில்லி, சிவப்பு ஃபுட் கலர் பவுடர் அரை டீஸ்பூன், கோகோ பவுடர் ஒரு டீஸ்பூன், பச்சை ஃபுட் கலர் ஒரு சிட்டிகைக்கும் குறைவு. கேக் சாமான் விற்கும் கடைகளில் எல்லாம் கிடைக்கும்; க்ராஃபர்ட் மார்க்கெட் போனால் ஒரே நடையில் முடியும்.

கோகோவையும் கலரையும் முதலில் இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு குளுக்கோஸில் சேருங்கள். நேராகக் கொட்டினால் கோகோ திரிந்து நிற்கும். பச்சை எதற்கு? சிவப்பின் பளீரை அடக்க. கோகோ இல்லாவிட்டால் ரத்தம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், ரூஹப்சா சர்பத் என்று யாராவது சிரிப்பார்கள். மீதித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நல்லெண்ணெய்ப் பதம் வந்ததும் நிறுத்துங்கள். டீ வடிகட்டியில் ஒரு தடவை வடித்தே ஆக வேண்டும்; ஒரே ஒரு கட்டி போதும், குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஆரத்தித் தண்ணீர் போதாதா என்று யாராவது கேட்பார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் அருமையான சிவப்புதான். ஆனால் சுண்ணாம்பு கழுத்துத் தோலை எரிக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. குங்குமக் கரைசலும் வேண்டாம், வாய்க்குள் போகக்கூடிய இடம் அது.

கத்தி

முனை மழுக்கிய நிஜ சவரக்கத்தி கூடவே கூடாது. 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டை வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் உருட்டி, வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பார்வையாளருக்குத் தெரியாத பக்கத்தில் மீன்தொட்டிக் காற்றுக் குழாயை ஒட்டி, நுனிக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே சாய்வாக நறுக்கிவிடுங்கள். மறுமுனையில் குழந்தைகளுக்கு மூக்குச் சளி உறிஞ்சும் ரப்பர் பல்பு. அது உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். கத்தியை இழுக்கும்போதே பல்பையும் அமுக்க வேண்டும். முந்தி அமுக்கினால் கத்தி தொடும் முன்பே ரத்தம் வந்துவிடும். சிரிப்பலை அங்கேதான் கிளம்பும்.

அறுப்பைப் பாட்டு வரியின் நடுவில் வைக்காதீர்கள். வரி முடிந்து அடுத்த ஆவர்த்தனத்தின் (தாளச் சுற்றின்) சமத்தில், அதாவது முதல் அடியில், இழுத்தால் தபேலாவின் அடியும் கத்தியும் சேர்ந்து விழும், பாடுகிறவருக்கும் மூச்சு கிடைக்கும். முதல் பத்து ஒத்திகை வெறும் தண்ணீரில் நடக்கட்டும்.

கழுத்தும் மைக்கும்

காலர் மைக்கில் சர்க்கரைப் பாகு இறங்கினால் அன்றோடு சரி. அறுபடுகிறவருக்கு மைக்கை நெற்றியில் முடியோரம் வைத்து, மெடிக்கல் டேப்பால் ஒட்டுங்கள். அதற்குப் பிறகுதான் கழுத்தில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும்; வரிசை மாறினால் டேப் நிற்காது. எண்ணெய் இல்லாமல் விட்டால் மறுநாள் ஆபீசுக்குச் சிவந்த கழுத்தோடு போகவேண்டி வரும்.

சட்டை பருத்தியாக இருக்கட்டும். ஃபுட் கலர் பட்டுத் துணியையும் நைலானையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பருத்தியில் அவ்வளவாக ஏறாது. காட்சி முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், வெந்நீர் வேண்டாம்.

விளக்கு

பலரும் கோட்டைவிடும் இடம். கொலைக்காட்சி என்றதும் சிவப்பு விளக்கைப் போடுகிறார்கள். வெள்ளைச் சட்டையும் சிவப்பாகிவிடுவதால் ரத்தம் காணாமல் போகும். நீலத்தில் கருப்பாகத் தெரியும், அது சில காட்சிகளுக்குப் பொருந்தும். வெள்ளைத் துணியில் கலவையைத் தடவி, கோகோ அரை ஸ்பூன், ஒரு ஸ்பூன், ஒன்றரை ஸ்பூன் என்று மூன்று துண்டுகளை அரங்க ஒத்திகைக்கு எடுத்துப்போய், கடைசி வரிசையிலிருந்து பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மும்பை மழைக்காலத்தில் இந்தப் பாகு காயவே காயாது, தரையில் விழுந்தால் வழுக்கும். நாற்காலிக்கு அடியில் கருப்புத் துணி விரித்து, விளக்கு அணையும்போது துணியோடு சுருட்டி எடுத்துவிடுங்கள். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியில் வைத்தால் காலையில் எறும்புதான் இருக்கும்.