மூன்றெழுத்து ஆங்கிலச் சொற்களுக்கு மிரளாமல் இருக்க

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். நீளமான சொற்கள் எனக்குத் தொல்லை கொடுப்பதே இல்லை. 'ஃபோட்டோசிந்தசிஸ்' வந்தால் ஒளிச்சேர்க்கை என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம், அதற்கு வேறு பொருள் கிடையாது. பேனா தயங்கி நிற்பதெல்லாம் செட், ரன், கெட், புட் மாதிரிப் பொடிசுகளிடம்தான். 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு மொத்தம் 20 தொகுதிகள். அதில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற வினைச்சொல்லுக்குத்தான், 400-க்கும் மேற்பட்ட பொருள்கள். பிறகு 'ரன்' என்ற பதிவைத் திருத்தி எழுதியபோது அது 600-ஐத் தாண்டி முந்திக்கொண்டது.

ஆகவே பொருள் பட்டியலை உருப்போடும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நம் முன்னோர் அதைச் செய்தவர்கள்தான். பாட்டு வடிவில் வந்த பழைய அகராதியான சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பாட்டுகள், எதுகை வரிசையில். ஆங்கிலத்துக்கு அப்படியொரு பாட்டு இல்லை, இருந்தாலும் பிரயோசனமில்லை. இந்தச் சின்னச் சொற்களின் பொருள் அவற்றுக்குள் இருப்பதைவிட அக்கம்பக்கத்தில்தான் அதிகம் இருக்கிறது.

செட்டையே எடுத்துக்கொள்வோம். 'தி சன் செட்' என்றால் சூரியன் மறைந்தது. 'தி ஜெல்லி செட்' என்றால் ஜெல்லி இறுகிவிட்டது. இரண்டிலும் செட்டுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, கவனித்தீர்களா? அப்படி வந்தால் முன்னால் நிற்கும் பொருளே ஏதோ ஒரு நிலைக்குப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். 'ஷி செட் தி டேபிள்', 'ஹி செட் தி பேப்பர்' என்பவற்றில் பின்னால் ஒரு பொருள் நிற்கிறது. யாரோ எதையோ செய்கிறார்கள். முதலாவதில் மேசையில் தட்டும் கரண்டியும் எடுத்து வைத்தாள். இரண்டாவது பள்ளிச் சூழலில் வந்தால் வினாத்தாள் தயாரித்தார். 'எ செட் ஆவ் கீஸ்' என்பதில் முன்னால் 'எ', பின்னால் 'ஆவ்'. அது பெயர்ச்சொல், சாவிக்கொத்து. வலப்பக்கம் ஒரு குட்டிச்சொல் ஒட்டிக்கொண்டால் இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாகப் படியுங்கள். 'தி ரெயின் செட் இன்' என்பதற்கு மழை பிடித்துக்கொண்டது என்பதைவிடச் சரியான தமிழ் எனக்குத் தெரியவில்லை. 'தே செட் ஆஃப்' என்றால் கிளம்பினார்கள்; அதே 'செட் ஆஃப்' பின்னால் அலாரம் வந்தால் அலறவிட்டார்கள்.

மேலே ஓரிடத்தில் 'ஆவ்', ஓரிடத்தில் 'ஆஃப்' என்று எழுதியது வேண்டுமென்றேதான். ஒற்றை எஃப் உள்ள சொல்லை ஆங்கிலேயர்கள் 'ஆவ்' என்றுதான் ஒலிக்கிறார்கள், இரட்டை எஃப் வந்தால்தான் 'ஆஃப்'. நாம் இரண்டையும் ஒரே மாதிரி உச்சரிப்பதால் எழுதும்போதும் குழப்பிக்கொள்கிறோம்.

இதில் பலர் கவனிக்காத ஒழுங்கு ஒன்று உண்டு. வாக்கியத்தை ஒட்டவைக்கும் இலக்கணச் சொற்கள் இரண்டெழுத்தில் இருக்கலாம். பொருளையோ செயலையோ குறிக்கும் சொல்லுக்குப் பெரும்பாலும் மூன்றெழுத்தாவது வேண்டும். ஐ-என் என்றால் 'உள்ளே', ஐ-என்-என் என்றால் சத்திரம். பி-இ என்றால் 'இரு', பி-இ-இ என்றால் தேனீ. பி-ஒய் என்றால் 'அவனால்' என்பதில் வரும் 'ஆல்', நடுவில் யூ நுழைந்தால் 'வாங்கு'. முட்டைக்கு இரண்டு ஜி எதற்கு, கூட்டலுக்கு இரண்டு டி எதற்கு என்பதும் இதனால்தான் விளங்குகிறது. 'கோ', 'டூ', 'ஆக்ஸ்' போன்ற விதிவிலக்குகள் உண்டு, ஆனால் குறைவு. சந்தேகம் வந்தால் குண்டாக இருப்பதே கனமான சொல் என்று எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

எழுத்து ஒன்று, ஒலி இரண்டு என்ற ரகம் வேறு. எல்-இ-ஏ-டி: 'லெட்' என்றால் ஈயம், 'லீட்' என்றால் வழிநடத்து. பக்கத்தில் குழாயோ பெயின்ட்டோ இருந்தால் ஈயம்தான். தொல்லை எங்கே என்றால், வழிநடத்தியதன் இறந்தகாலம் எல்-இ-டி. அதுவும் 'லெட்' என்றே ஒலிக்கும். அச்சான புத்தகங்களில்கூட அந்த இடத்தில் ஏ தேவையில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும். 'க்ளோஸ்', 'யூஸ்' இரண்டுக்கும் சுலபமான வழி இருக்கிறது. வினையாக வந்தால் கடைசி ஒலி தேனீ ரீங்காரம் போல அதிரும். 'அருகில்', 'பயன்' என்ற பொருளில் வந்தால் அதிராது.

அகராதி பார்க்கும்போது தலைச்சொல்லின் தோளில் குட்டியாக 1, 2 என்று எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வேர் வேறான தனித்தனிச் சொற்கள் தற்செயலாக ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன. வௌவாலும் கிரிக்கெட் மட்டையும் அப்படித்தான். இவற்றுக்குள் உறவு தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எண் உள்ளே, விளக்கத்துக்கு முன்னால் இருந்தால் ஒரே சொல்லின் கிளைகள். அங்கே உறவு தேடலாம். விளக்கத்தை விட்டுவிட்டு எடுத்துக்காட்டு வாக்கியத்தை முதலில் படிப்பது என் வழக்கம், நேரம் மிச்சம்.

நோட்டில் குறித்துவைப்பவர்கள் உச்சரிப்பைத் தமிழில் எழுதாதீர்கள். 'பேட்' என்று எழுதி வைத்தால் ஒரு வாரம் கழித்து அது மட்டையா, மோசமா, எழுதும் அட்டையா என்று உங்களுக்கே தெரியாது. சொல்லை ஆங்கிலத்திலேயே, முன்பின் சொற்களோடு எழுதுங்கள்.

பிழைதிருத்தும் மென்பொருளை நம்ப வேண்டாம். 'ஃப்ரம்' இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இடம் மாறி 'ஃபார்ம்' (வடிவம்) விழுந்தாலும், 'கொயட்' இடத்தில் 'கொய்ட்' விழுந்தாலும் சிவப்புக் கோடு வராமல் போகலாம், இரண்டும் நல்ல சொற்கள்தானே. உங்கள் கை எந்த இணையில் வழுக்கும் என்று தெரிந்துகொண்டு, அவற்றை மட்டும் தேடல் பெட்டியில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஆர்-இ-ஏ-டி. நிகழ்காலத்தில் 'ரீட்', இறந்தகாலத்தில் 'ரெட்', எழுத்தில் துளி மாற்றமில்லை. முன்னால் 'ஹி', 'ஷி' இருந்து கடைசியில் எஸ் இல்லையென்றால், துணைவினையும் இல்லையென்றால், அது இறந்தகாலம். 'ஐ', 'தே' வந்தால் இந்தச் சோதனை செல்லாது, 'எவ்ரி டே', 'யெஸ்டர்டே' மாதிரி காலச்சொல்லைத் தேட வேண்டும். அதுவும் இல்லையா? முந்தைய வாக்கியத்துக்குத் திரும்பிப் போங்கள். ஆங்கிலேயரும் அதைத்தான் செய்கிறார்கள்.