வீட்டு பீர் மெதுவாக நொதித்தால்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

இந்த விளக்கம், இரவில் ஹீட்டிங்கை அணைத்துவிடும் ஒரு சாதாரண பிரிட்டிஷ் வீட்டில், குளிர்காலத்தில் 20 லிட்டர் வாளியில் ஏல் வகை பீர் காய்ச்சுபவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. அங்கே சொந்தப் பயன்பாட்டுக்குக் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது குற்றம் என்பதால், வேறு ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அடர்த்தி எண் (தண்ணீரை 1.000 எனக் கொண்ட அளவு; சர்க்கரை தீரத் தீர இது இறங்கும்) 1.050-இல் தொடங்கி 1.012 அளவுக்கு இறங்க வேண்டிய பீர், ஒரு வாரம் கழிந்தும் 1.020-இலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். எடுத்த எடுப்பில் புது ஈஸ்ட்டைக் கொட்டுவது பெரும்பாலும் வீண்செலவு.

படி 1: அளந்து பாருங்கள்

ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடிக் குழாயில்) குமிழி வரவில்லை என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வாளி மூடியின் ரப்பர் வளையம் சற்றே விலகியிருந்தால்கூட வாயு அந்த வழியாகவே வெளியேறிவிடும். ஈஸ்ட் போட்ட பிறகு முதல் குமிழி தெரிய 24 முதல் 72 மணி நேரம் ஆவதும் இயல்பானதே.

கிருமி நீக்கிய கருவியால் சிறிது பீரை எடுத்து, இரண்டு கோப்பைகளுக்கு இடையே சில முறை மாற்றி ஊற்றி வாயுவைப் போக்கிய பின்பே ஹைட்ரோமீட்டரை (அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி) இறக்குங்கள். அதன் தண்டில் ஒட்டும் நுண்குமிழிகள் கருவியை மேலே தூக்கி, அடர்த்தியை உண்மையைவிட அதிகமாகக் காட்டும். கருவியையே சந்தேகித்தால், அதில் குறிக்கப்பட்டுள்ள வெப்பநிலையில் (பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸ்) வெறும் தண்ணீரில் மிதக்க விடுங்கள், 1.000 காட்ட வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆல்கஹால் அதன் அளவைக் குழப்பிவிடும் என்பதால், நொதித்து முடிந்த பீரைக்கூட அது 1.020-க்கு மேல் காட்டக்கூடும். திருத்தக் கணக்கு போடாமல் அந்த எண்ணை நம்பக் கூடாது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள். 1.020 என்பது 1.018 ஆகியிருந்தால் நொதித்தல் நிற்கவில்லை, மெதுவாக நடக்கிறது. வாளியைத் தொடாமல் விட்டுவிடுங்கள். அளந்த மாதிரியை மட்டும் வாளியில் திருப்பி ஊற்றாதீர்கள்.

படி 2: வெப்பநிலையைச் சரிசெய்யுங்கள்

எண் அசையவே இல்லை என்றால், குளிர்காலத்தில் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது ஈஸ்ட் தானே வெப்பத்தை உண்டாக்கும் என்பதால், அறை 15 டிகிரியில் இருந்தாலும் வாளிக்குள் 18, 19 டிகிரி இருக்கும். எல்லாம் நன்றாகவே போவதாகத் தோன்றும். சர்க்கரையில் பெரும்பகுதி தீர்ந்ததும் அந்த வெப்பம் குறைந்து, வாளி அறையின் குளிருக்கே இறங்கிவிடுகிறது. கடைசிச் சர்க்கரையைத் தின்று முடிக்க ஈஸ்ட்டுக்குக் கதகதப்பு தேவைப்படும் அதே நேரத்தில் அது குளிர்ந்து, திரண்டு, அடியில் வண்டலாகப் படிந்துவிடும். எஸ்-04 போன்ற, சீக்கிரம் படியும் ஆங்கில ஏல் ஈஸ்ட்களில் இதை அடிக்கடி காணலாம்.

ஆகவே வாளியைக் கல்தரையிலிருந்து எடுத்து மேசை மேல் வையுங்கள். கம்பளி சுற்றுவதால் இருக்கும் சூடு தங்குமே தவிர புதிதாகச் சூடு பிறக்காது. வெப்பப் பட்டையோ, ஒரு பெரிய தொட்டி நீரில் வாளியை இறக்கி மீன்தொட்டி ஹீட்டரோ வைப்பதுதான் பலன் தரும். ஒரு நாள் அவகாசத்தில் மெல்ல 20, 21 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மூடியைத் திறக்காமல், வாளியின் விளிம்பைப் பிடித்து, அடிவண்டல் கலங்கி எழும்படி வட்டமாக மெதுவாகச் சுழற்றுங்கள். தளும்பக் கூடாது: இந்தக் கட்டத்தில் கலக்கும் ஆக்சிஜன் பீருக்கு நனைந்த அட்டைப்பெட்டியின் சுவையைத் தந்துவிடும். மூன்று, நான்கு நாள் பொறுத்திருந்து அளவெடுங்கள்.

லாகர் வகைக்கு இந்த எண்கள் பொருந்தா. அது 10 முதல் 13 டிகிரியில் நொதிப்பது. இதற்கு நேர் எதிராக, பெல்ஜியத்தின் துபோன் மதுவாலையைச் சேர்ந்த சேசான் (ஒரு பெல்ஜிய ஏல் வகை) ஈஸ்ட் 1.030 அருகே நின்றுவிடுவதற்குப் பேர்போனது. 30 டிகிரி வரை சூடேற்றினால்தான் அது மீண்டும் வேலையைத் தொடங்கும்.

படி 3: தின்ன ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

மாஷ் செய்தபோது, அதாவது மால்ட்டை (முளைகட்டிய தானியம்) வெந்நீரில் ஊறவைத்தபோது, வெப்பம் 70 டிகிரியைத் தாண்டியிருந்தால், ஈஸ்ட்டால் உண்ண முடியாத சர்க்கரைகள் அதிகம் உருவாகியிருக்கும். மால்ட் சாறு டப்பாவில் காய்ச்சிய பீரும் 1.020 அருகிலேயே நின்றுவிடுவதுண்டு. மில்க் ஸ்டௌட் என்ற கருநிற பீரில் சேர்க்கும் லாக்டோஸை (பால் சர்க்கரை) பீர் ஈஸ்ட் தொடவே தொடாது. இந்த பீர்களுக்கு எதுவும் கெட்டுப்போகவில்லை, நொதித்தல் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

உறுதி செய்துகொள்ள எளிய வழி உண்டு. ஹைட்ரோமீட்டரை மிதக்கவிடப் போதுமான அளவு பீரைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து, ஒரு தேக்கரண்டி புது பீர் ஈஸ்ட்டைப் போட்டு, அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, 25 டிகிரியில் வைத்து, அவ்வப்போது குலுக்கிவிடுங்கள். இரண்டு நாளுக்குப் பிறகும் எண் இறங்கவில்லை என்றால், இந்த பீர் இனி இறங்காது.

படி 4: புது ஈஸ்ட்

சோதனை பாட்டிலில் எண் இறங்கி, வாளியில் மட்டும் இறங்காமல் இருந்தால்தான் இந்தப் படி தேவை. உலர் ஈஸ்ட்டை நேரடியாகத் தூவினால், ஆல்கஹாலும் ஆக்சிஜன் பற்றாக்குறையும் சேர்ந்து அதை எழவிடாமல் செய்துவிடும். எனவே 1 லிட்டர் நீரில் 100 கிராம் உலர் மால்ட் சாற்றைக் கரைத்து, 15 நிமிடம் கொதிக்கவைத்து, 20 டிகிரிக்கு ஆறவைத்து, அதில் ஈஸ்ட்டைப் போடுங்கள். மேலே நுரை கட்டி, ஈஸ்ட் முழுவீச்சில் இருக்கும்போதே வாளியில் சேர்த்துவிடுங்கள். சர்க்கரை சேர்ப்பது உதவாது. ஈஸ்ட் அதைத் தின்றுவிட்டுப் பழைய மிச்சத்தை அப்படியே விட்டுவைக்கும்.

அடுத்த முறை 20 லிட்டருக்கு 11.5 கிராம் ஈஸ்ட் பொட்டலத்தை முழுவதுமாகப் போடுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். கொதித்து ஆறிய வோர்ட்டில் (ஈஸ்ட் போடும் முன் உள்ள மால்ட் கரைசல்) ஆக்சிஜன் இருக்காது என்பதால், ஈஸ்ட் போடும் முன் நன்றாகக் குலுக்குவது நல்லது.

பாட்டிலில் அடைக்கும் முன்

மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருந்தால் மட்டுமே அடையுங்கள். அடர்த்தி எண்ணில் மிஞ்சும் ஒவ்வொரு 0.001-உம் பாட்டிலுக்குள் நொதித்தால், பீரின் கன அளவில் ஏறத்தாழ பாதியளவு கரியமில வாயு சேரும். 1.020-இல் அடைத்தது பின்னர் 1.012-க்கு இறங்கினால், நுரைக்காகப் போட்ட சர்க்கரை தரும் வாயுவோடு, பீரின் கன அளவைப் போல் நான்கு மடங்கு வாயுவும் கூடுகிறது. சாதாரணக் கண்ணாடி பாட்டில் வெடித்துவிடும். அப்படி ஏற்கெனவே அடைத்துவிட்டவர்கள் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் அணிந்து, பாட்டில்களைத் துண்டில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்து, நன்றாகக் குளிர்ந்த பின்பு ஒவ்வொன்றாகத் திறந்து வாயுவை வெளியேற்றுங்கள்.